விளங்கவில்லை என்ற சொல்லுக்குள்

1979, ஏப்ரல். என் மனைவி கண்டி நகரிலுள்ள தனியார் காப்புறுதி நிறுவனக் கிளையொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை.

1986. இடது காது பெருமளவு கேட்காமற் போனது. நரம்பு சார்ந்தது, மீளாது என்று வைத்தியர் கூறினார்.

1992. வலது காதும் அதே நிலையை அடைந்தது. நிறுவனத்துக்கு அறிவிக்கப்படவில்லை.

1996. வலது குறைந்தோரின், அதாவது உடற்குறை உள்ளோரின், உரிமைகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

1998, டிசெம்பர். நிறுவனம் தன் ஊழியருக்கு நடத்திய சிங்கள எழுத்துப் பரீட்சையில் அவள் முதலாவதாகத் தேறினாள்.

1999, மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச்சாவடியில் அவள் தடுத்து வைக்கப்பட்டாள்.

அதே வாரம், வியாழக்கிழமை. மருத்துவக் காரணத்தால் தன் விருப்பத்தின்பேரில் விலகுவதாகக் கூறும் கடிதமொன்று, கையொப்பத்துக்காக, அவளிடம் கொடுக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தில் அளவையியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கூற்றுகளை ஒழுங்காக அடுக்கினால் அவற்றிடையே உள்ள உறவு தானே தெரியவரும் என்று மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். மேலே அடுக்கியவற்றை நேற்று மாலை திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் நாங்கள் எவ்வாறு பயந்து வாழ்ந்தோம் என்பது மட்டும் எங்கும் காணப்படவில்லை. அவளுடைய ஆண்டுத் திவசம் சென்ற மாதம் முடிந்தது. பயத்தைப் பற்றி எழுத, அவள் இருந்தவரை எனக்கு அனுமதி இருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தவன். அவள் ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து படித்து வெளியேறி, பட்டணத்துக் கந்தோர் ஒன்றில் மேசை முன் உட்காரக் கதிரை பிடித்த முதற் பெண் அவள்தான் என்று அவளுடைய உறவினர் சொல்வார்கள். அந்தக் கதிரை அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரியதாக இருந்தது. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு இப்பால், மேட்டுத் தெருவொன்றில் வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. காது குறையத் தொடங்கியதும் அவள் உதட்டசைவைப் படிக்கப் பழகினாள். பழகியது என் முகத்தைப் பார்த்து.

“உங்க யாழ்ப்பாணத் தமிழு பல்லுக்குப் பின்னாலேயே நின்னுக்குதுங்க. கொஞ்சம் வெளிய விடுங்க” என்பாள்.

“வெளியில விட்டா ஆமிக்காரன் பிடிச்சுக்கொண்டு போவான்” என்பேன்.

அந்நாட்களில் அது எங்களுக்குப் பகிடியாக இருந்தது.

1992இல் கிளைக்குப் புதிய முகாமையாளர் வந்தார். சிங்களவர், நடுத்தர வயதினர், உரத்துப் பேசாதவர். ஒருநாள் அவர் அவளுடைய மேசைக்குப் பின்னால் நின்று சிங்களத்தில் ஏதோ கேட்டிருக்கிறார். ஆள் நிற்பதை உணர்ந்து அவள் திரும்பியபோது அவருடைய உதடுகள் மூடிவிட்டன. அவள் பக்கத்து மேசைக் காசாளரைப் பார்த்து, “வெளங்கல” என்றாள். காசாளர் திகனவைச் சேர்ந்த முஸ்லிம். கிளையில் அவளைத் தவிரத் தமிழ் பேசுபவர் அவர் ஒருவரே.

விளங்கவில்லை என்பது எங்கள் தமிழில் இரண்டு வேலை செய்கிற சொல். ஒலி தெளிவாக வந்து சேராவிட்டாலும் விளங்கவில்லை என்போம். பொருள் பிடிபடாவிட்டாலும் விளங்கவில்லை என்போம். சிங்களத்தில் இரண்டும் தனித்தனி. கேட்கவில்லை என்றால் ‘எஹென்னே நெஹெ’. புரியவில்லை என்றால் ‘தேரென்னே நெஹெ’. காசாளர் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அவளுடைய காதைப் பற்றி அப்போது அவருக்கு எதுவும் தெரியாது.

“எயாட்ட தேரென்னே நெஹெ, சேர்” என்றார். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை, ஐயா.

முகாமையாளர் தலையசைத்தார். தோட்டத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண்ணுக்குச் சிங்களம் போதாது என்பதில் அவருக்கு வியப்பு எதுவும் இருந்திருக்காது. சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து, முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு வேண்டியிருந்தது அதுவே.

அன்று மாலை செருப்பைக் கழற்றும்போதே, “ஏங்க, இன்னைக்கு எனக்குச் சிங்களம் தெரியாமப் போயிருச்சு” என்றாள்.

“உமக்கு என்னைவிட நல்லாத் தெரியுமே.”

“தெரிஞ்சா என்ன? தெரியாதுன்னா மூஞ்சியப் பாத்து மெதுவாப் பேசுறாங்க. செவிடுன்னா முதுகுக்குப் பின்னால பேசுவாங்க.”

நான் சிரித்தேன். பிறகு கணக்குப் போடத் தொடங்கினேன். ஒரு மொழியில் உண்மையாகவும் இன்னொரு மொழியில் பொய்யாகவும் இருக்கிற ஒரு கூற்றின்மேல் ஒருவர் தன் தொழிலை எத்தனை காலம் நிறுத்தி வைக்க முடியும்? அவளுக்கும் இதே கணக்கு ஓடியிருக்கும்.

சில மாதங்களில் காசாளர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். அவர் அதை வெளியே சொல்லவில்லை. முகாமையாளர் தம் அறையை விட்டு வெளியே வரும்போது விரல் முட்டியால் இவளுடைய மேசையின் ஓரத்தைத் தட்டுவார். பலகையின் அதிர்வு அவளுடைய முழங்கையில் தெரியும். தொலைபேசி மணியடித்தால் எட்டி எடுத்துவிடுவார்.

“அக்கா, பெரிய ஆள் வாராரு. சிங்களத்த மறந்துக்கோங்க” என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வாராம்.

கிளையில் வேறொருத்தி, தான் அழைத்தும் இவள் திரும்பாததைக் கண்டு, அந்த அம்மாவுக்குக் காது இருப்பது தோடு போட மட்டுமா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவளுடைய உதடுகளை இவள் படித்துவிட்டாள். படித்தும், விளங்காதவளாகச் சிரித்து வைத்தாள். பிற்காலத்தில் எனக்கு மிகவும் பயம் தந்தது அந்தச் சிரிப்புத்தான். எதைக் கேளாவிட்டாலும் முதலில் சிரிப்பது அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

கேட்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தோம். அக்காலத்துக் கருவி சட்டைக்குள் செருகும் சிறிய பெட்டி. அதிலிருந்து காதுவரை ஒரு வயர் ஓடும். போர்க்காலத்தில், தமிழ்ப் பெண் ஒருத்தியின் இரவிக்கைக்குள்ளிருந்து வயர் ஒன்று மேலே வருவதைச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் எவ்வாறு எடுத்துக்கொள்வான் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் காலையில் அவள் அதைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். “இது காது கேக்க வைக்குறதுக்கு முன்னால உயிர வாங்கிரும்” என்றாள். அதன்பின் வீட்டில் மட்டுமே அணிந்தாள். பாலம் கடக்கும் வேளையில் அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. என் விரிவுரைகள் பிற்பகலில் இருந்தாலும் காலை பஸ்ஸில் அவளுடனேயே போனேன்.

அடுத்து வந்தது நிறுவனத்தின் நல்லெண்ணம். சிங்களம் போதாத ஊழியருக்கு வார இறுதியில் வகுப்பு நடத்தினார்கள். முகாமையாளரே அவளுடைய பெயரைக் கொடுத்தார். வகுப்பின் முடிவில் எழுத்துப் பரீட்சை மட்டும் இருந்தது. குறைத்து எழுதும்படி நான் சொன்னேன். “தப்புத்தப்பா எழுத எனக்குக் கை வராதுங்க” என்றாள். முதலாவதாக வந்தாள். தேநீர் வேளையில் முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் அதை அறிவிக்க, கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து எல்லோரும் அவளிடம் சிங்களத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள்.

“இனிமே எனக்கு மறைஞ்சிக்க இடமில்ல” என்று அவள் சொன்னது ஜனவரியில். அதன்பின், பதில் சொல்லாமல் சிரிக்கும் ஒருத்தி அவர்களுக்கு வேறொருத்தியாகத் தெரியத் தொடங்கினாள். சிங்களம் தெரிந்தும் சிங்களத்துக்குப் பதில் சொல்ல மறுக்கிற தமிழ்ப் பெண். அந்த ஆண்டுகளில் இது சாதாரணமான சந்தேகமன்று.

மார்ச்சில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை பஸ் பாலத்துக்கு முன் நிற்கும். எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் ஒரு வரிசையாகவும் நின்று, அடையாள அட்டையையும் பையையும் காட்டி, பாலத்தை நடந்து கடந்து, மறுகரையில் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். பெண்கள் வரிசை அன்று குறுகியது. அவள் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் இன்னும் வரிசையின் நடுவில் இருந்தேன். அட்டையைப் பார்த்த சிப்பாய்க்கு ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். அவளைத் திரும்ப அழைத்தான்.

“நோனா, நவத்தின்ன!” அம்மா, நில்லுங்கள்.

அவள் நடந்தாள். அவன் மீண்டும், உரத்து, அதையே சொன்னான். பிறகு, “நில்லு! ஏய், நில்லு!” என்றான்.

பாலத்தில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவள் ஒருத்தி மட்டும், சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள். சிப்பாயின் தோளிலிருந்து துவக்கு இறங்கியது. நான் கூவினால் அவளுக்குக் கேட்காது. ஓடினால் என்னைச் சுடுவார்கள். அல்லது என் ஓட்டத்தைக் கண்டு அவளைச் சுடுவார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். என் வாயில் வந்தது வழக்கமான வாக்கியம்.

“எயாட்ட தேரென்னே நெஹெ, மஹத்தயா. சிங்கள தேரென்னே நெஹெ.”

அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, தான் தமிழிலும் சொன்னதாகச் சிங்களத்தில் சொன்னான். “நில்லு கிவ்வனே.” நில்லு என்றேனே.

அது சரியான வாதம். ஏழு ஆண்டுகளாக நாங்கள் வாயால் உச்சரிக்காமல் வைத்திருந்த மற்றச் சொல்லை அப்போதுதான் சொன்னேன். “எஹென்னே நெஹெ. கன் தெக்கம எஹென்னே நெஹெ.” இரண்டு காதும் கேட்காது.

இன்னொரு சிப்பாய் ஓடிப்போய் அவளுடைய தோளைத் தொட்டான். அவள் திரும்பினாள். சிரித்தாள். என்ன நடந்தது என்று அறியாமல், எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

“தேரென்னே நெஹெ, மஹத்தயா.”

புருஷன் கேட்காது என்கிறான், பெண்சாதி விளங்காது என்கிறாள், இதில் எது என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். எங்கள் இருவரையும் பாலத்தடியில் ஓர் இரும்புக் கடையின் முன்புறத்துக்கு அழைத்துப் போனார்கள். தமிழில் பேசக்கூடாது என்றார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘சொல்லிப்போட்டன்’ என்று ஒலியில்லாமல் உதட்டை அசைத்தேன். ஒரு சிப்பாய் அதைக் கண்டுவிட்டான். என்ன சைகை காட்டுகிறாய் என்று என் தோளைப் பிடித்து மறுபுறம் திருப்பினான். அதன்பின் நான் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த தாழ்ப்பாள்களையும் பிணைச்சல்களையும் மட்டுமே. என் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். அவளுக்கு என் முகமும் இல்லை. அதுவரை பயம் என்று நான் நினைத்திருந்தது வெறும் கவலை.

அவளுடைய நிறுவன அட்டையைப் பார்த்து, அதிகாரி கடைத் தொலைபேசியில் கிளைக்கு அழைத்தார். அவருடைய பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. உங்களிடம் செவிட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாளா? இல்லையா? நிச்சயமாகவா? பரீட்சையா? சிங்களத்தில் முதலாவதா? அவருடைய குரல் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி தாழ்ந்தது. தாழ்ந்த குரல் நல்லதன்று என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார்.

மறுமுனையில் நடந்ததைக் காசாளர் பின்னர் எனக்குச் சொன்னார். “பெரியவரு கைலேந்து போனப் பறிச்சிட்டன் மாஸ்டர். வேற வழியில்ல. ‘மாத்தயா, அந்தப் பொம்பளைக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஏழு வருஷமா மேசையத் தட்டித் தட்டி என்ட வெரலு தேஞ்சி போச்சி’ண்டு சிங்களத்துல சொன்னன். அதுக்குத்தான் சிரிச்சாரு. ஆனா பெரியவரு சிரிக்கல.”

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் ஏறி உட்கார்ந்தபின் நடந்ததை உதட்டால் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப வேலை போயிருச்சாங்க?”

அவளை உயிரோடு பாலம் கடக்க வைத்த அதே வாக்கியம் அவளுடைய கதிரையின் காலை வெட்டியிருந்தது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். என் முகத்தைத் திருப்பினால் அதுவே பதில் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை முகாமையாளர் இருவரையும் அழைத்தார். கதிரை போட்டு உட்கார வைத்தார். அவர் கொடியவர் என்று நான் எப்போதும் கருதியதில்லை. அன்று அவரும் பயந்திருந்தார். பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவருக்குத் தாம் பொய்த் தகவல் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது என்றார். வாடிக்கையாளர் சொல்லும் தொகையை இவள் தவறாகக் கேட்டு எழுதியிருந்தால் பொறுப்பு யாருடையது என்றார். அவ்வாறு ஒரு தவறேனும் நடந்ததா என்று கேட்டேன். இதுவரை இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். திங்கட்கிழமைக்குள் கையொப்பமிட்டால் கௌரவமாகப் போகலாம் என்றார். கௌரவம் என்ற சொல்லை அவளுக்கு விளங்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன்: நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தை எடுத்தேன். அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை இத்தகையோருக்கு ஒதுக்கும்படி முன்னரே ஒரு சுற்றறிக்கை இருந்தது. தனியார் நிறுவனத்தை அது தொடாது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டது. வலது குறைவைக் காரணங் காட்டி எவருக்கும் பாரபட்சம் செய்யலாகாது என்றது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. அந்த இடத்தில் எனக்கு மூச்சு வந்தது. மறுபடி வாசித்தேன். பாரபட்சம் செய்யலாகாது, எந்த விடயத்தில்? எந்தவொரு தொழிலுக்கும் பதவிக்குமான ஆட்சேர்ப்பில்.

ஆட்சேர்ப்பில். சட்டம் வாசலில் காவல் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நல்ல காதுகளோடு வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்ட ஒருத்தியைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை. அவளுடைய மேசையை மாற்றிப் போட வேண்டும் என்றோ, சொல்வதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றோ முதலாளியை எந்த வரியும் கட்டவில்லை. சிங்கள வாசகத்தில் இன்னும் அகலமான சொல் இருக்கக்கூடும் என்று நம்பி, பிரதியெடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

“இதுலயும் ஆள் சேக்குறதுதாங்க” என்றாள். “அப்ப நான் வேலைய விட்டுட்டு, அதே வேலைக்குத் திரும்ப மனுப் போட்டா, சட்டம் என்னையக் காப்பாத்துமா?” என்று கேட்டாள்.

“மனுவைக் காப்பாற்றும்.”

“இன்னொண்ணுங்க. வலது குறைஞ்சவங்கன்னு போட்டிருக்கு. எனக்கு மொதல்ல போனது இடதுதானே?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது கேளாதபோது சிரிக்கும் சிரிப்பன்று. என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை, நீதிமன்றத்துக்கு அருகில் அலுவலகம் வைத்திருந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். கடிதத்தை வாசித்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, “சைன் வச்சிட்டீங்களாம்மா?” என்பதே. இல்லை என்றதும் கதிரையில் சாய்ந்தார்.

“அப்ப சரி. இந்த 96ஆம் ஆண்டுச் சட்டத்த மடிச்சு வைங்க சேர். 71ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு, வேலை நீக்கத்தப் பத்தி. ஒழுக்கக் குத்தம் இல்லாத ஆள நிப்பாட்டணும்னா அந்த ஆளே எழுத்துல சம்மதிக்கணும், இல்லாட்டித் தொழில் ஆணையாளர்கிட்ட முன்கூட்டி அனுமதி வாங்கணும். அதுக்குத்தான் இவ்வளவு மரியாதையாக் கேக்குறாங்க.”

“அப்படியெண்டா என்ன செய்யச் சொல்லுறியள்?”

“ஒண்ணும் செய்யாம இருக்கச் சொல்றேன். அம்மாவோட கை பேனாவத் தொடக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.”

அவ்வளவுதான் சட்டம் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. வேலையிலிருந்து நீக்க முடியாதவளை வேறு வழிகளில் வாட்டலாம். தூரக் கிளைக்கு மாற்றலாம். தினமும் பல சாவடிகளைத் தனியே கடந்து போகச் செய்யலாம். ஒரு வார்த்தையை ஓர் அதிகாரியிடம் போட்டு வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கையொப்பமிட்டு விடும், உயிர் மிஞ்சும் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்து வைத்தால் என் பேச்சிலிருந்து தப்பலாம் என்பது அவளுக்கு இருந்த ஒரே சௌகரியம். அன்று அதைப் பயன்படுத்தினாள்.

திங்கட்கிழமை அவள் மட்டும் உள்ளே போனாள். வாடிக்கையாளர் கதிரையில் என்னை உட்காரச் சொன்னாள். முகாமையாளர் அறைக்கு இருந்தது பாதி கண்ணாடித் தடுப்பு. அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். எதுவும் கேட்கவில்லை. உதட்டிலிருந்து ஒரு சொல்லைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அவளுடைய குரல் மட்டும் கேட்டது. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது; அதனாலேயே கந்தோரில் ஒருபோதும் உரத்துப் பேசாமல் காத்து வந்திருந்தாள். அன்று காக்கவில்லை.

“மட்ட எஹென்னே நெஹெ, சேர். நமுத் தேரெனவா.”

எனக்குக் கேட்காது. ஆனால் விளங்கும்.

தட்டச்சுப் பொறிகள் நின்றன. பணம் கட்ட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசாளர் எழுந்து நின்றுவிட்டார். ஒப்பமிடாத கடிதத்தை மேசைமேல் வைத்து, தன் மேசையை வாசலைப் பார்க்கத் திருப்பித் தரும்படியும், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதித் தரும்படியும், தொலைபேசியை வேறொருவரிடம் கொடுக்கும்படியும் அவள் கேட்டாள். கிளை முழுவதும் அதைக் கேட்டது. முகாமையாளர் எதையோ எழுதிக் காட்டினார். கொழும்பைக் கேட்க வேண்டும், பதில் வரும்வரை இருக்கலாம் என்று எழுதியிருந்தாராம்.

அன்று பிற்பகலே காசாளரும் இன்னொருவரும் சேர்ந்து மேசையைத் திருப்பினார்கள். எவரும் உத்தரவிட்டதாகத் தெரியவில்லை. எவரும் தடுக்கவும் இல்லை.

கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. அவர் எழுதினாரா என்பதும் தெரியாது. ஒப்பமிடாத கடிதம் அவளைப் பற்றிய ஆவணக் கோவையில் கிடந்தது. முகாமையாளர்கள் மாறினார்கள், புதிதாக வரும் ஒவ்வொருவரும் கோவையைப் புரட்டி, அதைக் கண்டு, அவளை அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் அதே இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வந்தாள். அழைப்பு வரும் நாட்களில் என்னால் வகுப்பெடுக்க முடியாது. பாலத்துச் சிப்பாய்கள் மட்டும் விரைவில் பழகிவிட்டார்கள். முறை மாறிப் போகிறவன் வருகிறவனிடம் சொல்லி வைப்பான் போலும். அவளைக் கண்டால் முன்னால் வந்து நின்று கையை உயர்த்திக் காட்டுவார்கள். அதற்கும் நான் பயந்தேன். அடையாளம் காணப்படுவது எதுவாயினும் அக்காலத்தில் நல்லதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐம்பத்தைந்து வயது நிறைந்து அவள் ஓய்வுபெற்றபோது கந்தோரில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மணிக்கொரு தரம் இசையெழுப்புவது. “ரொம்ப நல்லாப் பாடுதாங்க?” என்று என்னிடம் கேட்டாள். கடைசி நாள்வரை அந்தக் கதிரையில் இருந்தாள். எந்தச் சட்டத்தின்கீழ் இருந்தாள் என்று கேட்டால், என் படிப்பெல்லாம் சேர்ந்தும் விடை சொல்ல முடியாது. அவளிடமிருந்து ஒரு கையொப்பத்தை வாங்க முடியவில்லை, அதனால் இருந்தாள்.

ஊழியரின் தேவைக்கேற்ப வேலையிடத்தை நியாயமான அளவில் ஒழுங்கமைத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று கூறும் சர்வதேச சமவாயத்தை 2016இல் இந்நாடு உறுதிப்படுத்தியது. செய்தித்தாளில் அதை அவளுக்குக் காட்டினேன். “மேசையத் திருப்புறதுக்கு இத்தன நாடு சேர வேண்டியிருக்கா?” என்றாள். அப்போது நோய் தொடங்கிவிட்டது. இருவருக்கும் இன்னும் தெரிந்திருக்கவில்லை.

செய்யாமல் கிடப்பவை:

ஆட்சேர்ப்பு என்ற சொல்லைப் பற்றி அமைச்சுக்கு எழுதத் தொடங்கிய விண்ணப்பம் இரண்டாம் பந்தியில் நிற்கிறது.

வாசல் மணியை அழுத்தினால் எரியும்படி சமையலறையில் பொருத்திய சிவப்பு விளக்கைக் கழற்ற மின்வேலைக்காரரை அழைக்க வேண்டும்.

திகனவுக்குப் போய்க் காசாளரைப் பார்க்க வேண்டும். அவர் இப்போது எழுந்து நடமாடுவதில்லை என்று கேள்வி.

அவளுடைய தங்கையின் மகள் ஹேவாஹெட்டையிலிருந்து எழுதியிருக்கிறாள். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவள், வங்கியொன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். சட்டம் என் பக்கம் என்று வாசித்தேன், கண்ணைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதட்டுமா, விடட்டுமா பெரியப்பா என்று கேட்கிறாள். பதில் எழுத வேண்டும்.